ஆன்ட்டி என்று யாரும் கூப்பிடாத ஒரு நாள்

கலிஃபோர்னியாவில் டப்ளினில் இருக்கும் எங்கள் வீட்டில் என் மனைவி டேகேர் நடத்துகிறாள். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு வரை எட்டுக் குழந்தைகள். எட்டும் அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும். கொண்டுவந்து விடும் அம்மா அப்பாக்களும் அப்படித்தான். பதினோரு வருடமாக இதுதான் அவள் வேலை. நான் வீட்டில் தங்குகிறவன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன், கப்பல் சமையலறையில் வெந்தேன், டெக்சாஸில் ஒரு பெட்ரோல் பங்கின் பின்னறையில் ஒரு குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். இப்போது மளிகை லாரி ஓட்டுகிறேன். எங்கேயும் அரை மணி நேரம் சும்மா உட்கார வராது எனக்கு.

போன வருடம் துருக்கி போகலாம் என்று சொன்னது அவள்தான்.

"மச்சான், எனக்குக் கடைத்தெரு வேணாம், அரண்மனை வேணாம். யாரும் ஆன்ட்டின்னு கூப்பிடாத இடமா இருக்கணும். அவ்வளவுதான்."

எங்கள் பக்கத்தில் மனைவி கணவனை மச்சான் என்பாள். இன்னொரு நிபந்தனையும் போட்டாள். "தமிழ்க்காரங்களைப் பார்த்தா நீங்க வாயைத் திறக்கக் கூடாது." நியாயம்தான். எந்த விமான நிலையத்தில் தமிழ் காதில் விழுந்தாலும் "எந்த ஊரு?" என்று போய் நிற்கிறவன் நான்.

தெற்குக் கடலோர ஊர் ஒன்றில் தங்கி, மலைக்குக் கூட்டிப்போகும் ஜீப்பில் மூன்று நாளுக்குப் பதிவு செய்தோம். மற்ற ஜீப்புகளில் பாட்டு அலறும், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் பீய்ச்சுவார்கள். எங்கள் வழிகாட்டி வயதானவர், பேச்சு குறைவு. தேவதாரு மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்துவார், என்ஜினை அணைப்பார், ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தருவார். முதல் நாள் நாங்கள் இருவர் மட்டும். ஒரு பாறையில் உட்கார்ந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கோ ஆட்டு மணி கேட்டது. பிறகு அதுவும் இல்லை. நான்தான் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் இன்னொரு குடும்பம் ஏறியது. இளம் கணவன், மனைவி, மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அந்தப் பையன் வாயைத் திறந்ததும் தமிழ். என் முழங்காலை மனைவி அழுத்தினாள்.

அவர்கள் எங்களைத் துருக்கிக்காரர்கள் என்றே நினைத்துவிட்டார்கள். பேசும் தமிழ் யாருக்கும் புரியாது என்று நினைப்பது, வெளிநாட்டில் நம்மவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். நானும் செய்திருக்கிறேன்.

"அந்த அங்கிள் மீசையைப் பாரேன், கபாப் கடை போர்டுல போடலாம்."

"சும்மா இருங்க, கேட்கப் போகுது."

"கேட்டா என்ன, புரியவா போகுது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டேன். சிரிப்பை அடக்கியதில் மனைவியின் தோள் குலுங்கியது.

ஜீப் வளைந்து வளைந்து ஏற, குழந்தை அழ ஆரம்பித்தது. பிஸ்கட் கொடுத்தார்கள், ஃபோனில் படம் காட்டினார்கள், நிற்கவில்லை. அந்தப் பெண் கணவனிடம் மெதுவாகச் சொன்னாள், "இவ பிறந்ததுல இருந்து ஒரு டீயைச் சூடா குடிச்சதில்ல நான். டாலஸ்லயும் இதே கதை. இங்கயாவது பத்து நிமிஷம் சும்மா உக்காரலாம்னுதான் வந்தேன்."

என் மனைவி வெளியே பார்த்தபடியே இருந்தாள். இரண்டு வளைவு போயிருக்கும், அவளே வாயைத் திறந்தாள்.

"மலை ஏறுறதுல பிள்ளைக்குக் காது அடைச்சிருக்கும்மா. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடு. முழுங்கினா சரியாயிடும்."

பையன் என் மீசையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஆன்ட்டி, நீங்க தமிழா?" என்றாள் அந்தப் பெண்.

ஒன்றரை நாள் தாக்குப்பிடித்தது, முடிந்துவிட்டது.

தண்ணீர் குடித்ததும் அழுகை நின்றது. ஆனால் மேலே போய் என்ஜினை அணைத்ததும் குழந்தை தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது. அம்மாவிடம் அல்ல, தண்ணீர் கொடுக்கச் சொன்னவளிடம். பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. என் மனைவியின் கைகளும் தானாக நீண்டன. பதினோரு வருடப் பழக்கம்.

நான் குறுக்கே புகுந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

"நீ உக்காரு. எப்படியும் நான் நடக்கத்தானே போறேன்."

"உங்களுக்குப் பிள்ளை தூக்கத் தெரியுமா மச்சான்?"

"மூட்டை தூக்கியிருக்கேன்."

மண்பாதையில் நடந்தேன். குழந்தை என் மீசையை இழுத்துப் பார்த்தது. பையன் டயப்பர் பையோடு பின்னாலேயே வந்தான். "சாரி அங்கிள். மீசை நெஜமாவே சூப்பர் அங்கிள்" என்றான். கபாப் கடை தெரிந்தால் சொல்லச் சொன்னேன். சிரித்தான். பாதை திரும்பும் இடத்தில் குழந்தை என் தோளில் தலையைச் சாய்த்தது.

திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பாறையில் இருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. சின்னவள் தேநீர்க் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. என் மனைவி கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். கையை லேசாகத் தூக்கி, இன்னும் கொஞ்ச நேரம் என்று காட்டினாள்.

நான் பையனின் தோளைத் தொட்டேன். சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பி நடந்தோம்.