எண்பத்து நான்காம் பக்கம்

அருங்காட்சியகத்தின் கொள்முதல் அலுவலரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காற்புள்ளி என்பார்கள். நேரில் என்றால் காற்புள்ளி மேடம்.

பட்டம் வந்த கதை பழையது. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, காட்சிப் பொருள்களை வைக்கக் கண்ணாடி அலமாரி பன்னிரண்டு வேண்டுமென்று ஒரு கடைக்குக் கடிதம் போனது. தட்டச்சு செய்தவர் "கண்ணாடி, அலமாரி - பன்னிரண்டு" என்று நடுவே ஒரு காற்புள்ளியைப் போட்டுவிட்டார். வந்து இறங்கியவை முகம் பார்க்கும் கண்ணாடி பன்னிரண்டு, மர அலமாரி பன்னிரண்டு. கடைக்காரர் கடிதத்தை எடுத்து நீட்டினார். திருப்பி அனுப்ப வழியில்லை. கழிப்பறைகளில் இவ்வளவு பெரிய கண்ணாடி மாட்டிய அருங்காட்சியகம் வேறெங்கும் இருக்காது. அன்று முதல் அவள் கையில் சிவப்புப் பேனா ஏறியது. வெளியே போகும் ஒவ்வொரு தாளையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். "ஒப்பந்தப்புள்ளி கேக்கற எடத்துல காற்புள்ளிதான் தலைவி" என்று கணக்குப் பிரிவில் யாரோ சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை.

இருபத்தாறு ஆண்டுகளில் அவள் வாங்காத பொருள் இல்லை. பல்பு, பூட்டு, கரையான் மருந்து, எலும்புக்கூட்டைத் தாங்கும் இரும்புக் கம்பி, பார்வையாளர் உட்காரும் பெஞ்சு எல்லாம் அவள் கையெழுத்தில் வந்தவை. ஆனால் ஆலோசனையை அவள் வாங்கியதில்லை. அந்த வேலை ஐம்பத்து மூன்றாம் வயதில் வந்தது.

கட்டடம் ஒரு காலத்தில் நீதிமன்றமாக இருந்தது. மூன்று பக்கமும் நீண்ட கூடங்கள், உயர்ந்த கூரை, நூற்று முப்பது வருடப் பழைய மரச்சட்டங்கள். மழை பெய்தால் மண்பாண்டக் கூடத்தில் ஒன்பது வாளிகள் வைக்க வேண்டும். கிடங்குச் சுவரில் ஈரம் ஆளுயரம் ஏறியிருந்தது. ஒருவழியாக மேலிடம் மனமிரங்கி, கூரை, மின்கம்பி, கிடங்கு என்று எல்லாவற்றையும் புதுப்பிக்க அனுமதி கொடுத்தது. அதற்கு முதலில் கட்டடக் கலைஞர், பொறியாளர், செலவு மதிப்பிடுபவர் எல்லாரும் சேர்ந்த ஓர் ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டில் இதை விளக்கிச் சொன்னாள். கணவர் பேருந்து ஓட்டுநர். "அப்ப இவங்க கட்ட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"கட்டறவங்க வேற. எப்படிக் கட்டணும்னு சொல்றவங்க இவங்க."

"ஓ, வாயாலயே கட்டறவங்க. நம்ம வீட்லயே ஒருத்தி இருக்காளே."

அவள் சிரிக்காமல் தட்டைக் கழுவப் போனாள். சிரித்தால் அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒப்பந்தப்புள்ளி ஆவணம் நூற்றுப் பத்துப் பக்கம் வந்தது. திறமைக்கு எழுபது மதிப்பெண், விலைக்கு முப்பது என்று தேர்வுக் குழு முடிவு செய்தது. விலையை மட்டும் பார்த்தால் பழைய கட்டடம் தாங்காது என்பது இயக்குநரின் எண்ணம், அவளுடையதும் அதுவே. முன் பக்கங்களை அவளே எழுதினாள். பின்னிணைப்புகளை மின்தூக்கிப் பராமரிப்புக்குப் போட்ட பழைய ஆவணத்திலிருந்து எடுத்து ஒட்டித் திருத்தினாள். பக்கத்துக்குப் பக்கம் படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

கடைசி முப்பது பக்கத்தைப் படித்தது மருத்துவமனையில். தங்கைக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. காலையில் உள்ளே அழைத்துப் போனவர்கள் மதியம் வரை வெளியே வரவில்லை. தங்கையின் கணவர் தூணோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்துக்கொண்டு படித்தாள். கதவு திறக்கும் போதெல்லாம் நிமிர்ந்தாள். தங்கை நல்லபடியாக வந்தாள், ஆவணமும் வெளியே போனது.

ஐந்து நிறுவனங்கள் கட்டடத்தைப் பார்க்க வந்தன. அவற்றில் பெரியது ஆறு பேரை அனுப்பியது. ஆறு பேருக்கும் ஒரே நிறத் தலைக்கவசம், கூரைக்கு மேலே பறந்து படமெடுக்க ஓர் இயந்திரம். சின்னது ஒரே ஒருவரை அனுப்பியது. ஒல்லியான மனிதர், கையில் ஒரு டார்ச். மற்றவர்கள் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் கூடம் பெருக்கும் அம்மாவிடம் போனார்.

"மழை வந்தா மொத வாளி எங்கம்மா வைப்பீங்க?"

"அந்தப் பெரிய பானைக்குப் பக்கத்துல. காத்து எதிர்ப்பக்கமா அடிச்சா மட்டும் ஜன்னலோரம் மொதல்ல."

டார்ச்காரர் அந்த இடத்தில் அப்படியே தரையில் மல்லாந்து படுத்தார். பத்து நிமிடம் கூரையை வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது சட்டையின் முதுகெல்லாம் தூசி. காற்புள்ளி தூரத்தில் நின்று பார்த்தாள். குழுவுக்கு அவள் செயலாளர் மட்டும்தான், மதிப்பெண் போடும் உரிமை இல்லை. இருந்தாலும் மனசு ஒரு பக்கம் சாய்ந்ததை அவளால் தடுக்க முடியவில்லை.

இயக்குநர், பராமரிப்புப் பொறியாளர், வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் ஆகிய மூவரும் திறமைக்கான மதிப்பெண்ணைப் போட்டார்கள். டார்ச்காரருக்குத் தொண்ணூற்றிரண்டு, பெரிய நிறுவனத்துக்கு எண்பத்து மூன்று. பிறகு ஐந்து நிறுவனத்தார் முன்னிலையிலும் விலை உறைகளைப் பிரித்து, திறமை மதிப்பெண்களையும் விலைகளையும் உரக்கப் படித்தார்கள். விலையில் பெரிய நிறுவனம் முதலிடம். கூட்டிப் பார்க்கும் வேலை காற்புள்ளியுடையது. எழுபதுக்கு முப்பது என்று கூட்டினாள். டார்ச்காரர் கால் புள்ளிக்குச் சற்று கூடுதலாக முந்தியிருந்தார்.

அறிக்கை எழுதும்போது எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் குறிப்பது அவள் வழக்கம். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. மதிப்பெண் விதி பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது, குறித்தாள். பின்னிணைப்பில் அதற்கான அட்டவணையைத் தேடிப் போனாள். எண்பத்து நான்காம் பக்கம். திறமைக்கு அறுபது, விலைக்கு நாற்பது. அடியில் அவள் கையெழுத்து.

மின்தூக்கி ஆவணத்தின் அட்டவணை திருத்தப்படாமல் அப்படியே வந்திருந்தது. அறுபதுக்கு நாற்பது என்று கூட்டிப் பார்த்தாள். பெரிய நிறுவனம் இரண்டரைப் புள்ளிக்கு மேல் முந்தியது. மறுபடி கூட்டினாள், அதே விடை. கோப்பை மூடிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரிஞ்ச மாதிரி இல்ல."

"அப்ப பேசாம இரு. நீ ஒண்ணும் திருடல. நல்ல ஆளுக்குத்தானே கெடைக்குது? பதவி உயர்வு வேற வர நேரம். எதுக்கு நீயே போய் மாட்டிக்கணும்?"

அவள் துணி மடித்தாள். மத்தியானம் முழுக்கத் தன் மனசுக்குள் ஓடியதை அவர் அப்படியே சொன்னதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை இயக்குநர் அறைக்குப் போய் இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எம்பத்தி நாலாம் பக்கத்தை யாரு மேடம் படிக்கப் போறாங்க?"

"தோத்தவங்க படிப்பாங்க சார்."

"அந்த டார்ச்காரர்தான் சரியான ஆளு. உங்களுக்கும் அது தெரியும்."

"தெரியும் சார். அதுதான் பயமா இருக்கு. அவர் தோத்து இந்தத் தப்பு வெளிய வந்திருந்தா, இந்நேரம் ரத்து பண்ணுங்கன்னு நானே குதிச்சிருப்பேன்."

இயக்குநர் எழுந்து ஜன்னலோரம் போனார். மழைக்காலத்துக்கு இரண்டே மாதம் இருந்தது. இப்போதே ஆளை அமர்த்தினால் அதற்குள் தற்காலிகமாகவாவது ஒட்டுப் போடலாம், ரத்து செய்து மறுபடி கேட்டால் இந்த மழையும் பழைய கூரை மேல்தான்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? நீங்க இப்படி விடற ஆளில்லையே."

மருத்துவமனை வராந்தா நினைவுக்கு வந்தது. "கவனிக்கல சார்" என்றாள்.

ஒப்பந்தப்புள்ளி ரத்தானது. ஐந்து நிறுவனங்களுக்கும் போன கடிதத்தில் "நிர்வாகக் காரணங்களால்" என்று போடச் சொன்னார்கள். அவள் "ஆவணத்தில் எங்கள் பக்கம் நேர்ந்த பிழையால்" என்று எழுதிப் பக்க எண்களையும் சேர்த்தாள். இயக்குநர் முகம் கடுகடுத்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. கவனக்குறைவுக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. அந்தக் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவள் திருத்தாமல் கோப்பில் சேர்த்தாள்.

மற்ற நிறுவனங்கள் தொலைபேசியில் பேசின. டார்ச்காரர் நேரில் வந்தார். எதிரே உட்கார்ந்து, கொடுத்த தேநீரைத் தொடாமல் வைத்திருந்தார்.

"எழுபதுக்கு முப்பதுன்னா நான். அறுபதுக்கு நாப்பதுன்னா அவங்க. எனக்கும் கணக்கு வரும்மா."

"அதைப் பத்தி நான் பேசக் கூடாது சார்."

"நீங்க பேச வேணாம், நான் சொல்றேன். அந்தப் பக்கத்தை நான் அப்பவே பாத்தேன். விளக்கம் கேக்கறதுக்குக் கடைசி நாள் வரைக்கும் கேக்கலாமா வேணாமான்னு யோசிச்சேன். கேட்டு, நீங்க அறுபதுதான் சரின்னு சொல்லிட்டா? அதான் வாயை மூடிக்கிட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். கட்டடத்தைப் பார்க்க வந்த அன்று மனசில் இவரை எங்கேயோ தூக்கி வைத்திருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. தன் கணவர் சொன்னதை இந்த மனிதர் செய்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் கேட்டிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். அவள் ஒழுங்காகப் படித்திருந்தால் அவர் கேட்கத் தேவையே வந்திருக்காது.

"தேநீர் ஆறிடுச்சு சார்" என்றாள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

மழை சொன்ன நாளைக்கு முன்னாலேயே வந்தது. ஒன்பது வாளிகள் பதினான்கு ஆயின. மண்பாண்டக் கூடத்தை மூன்று வாரம் பூட்டி வைத்தார்கள். கிடங்கில் இரண்டு பழைய ஓவியங்களில் பூசணம் ஏறியது. ஒன்றைக் காப்பாற்றினார்கள், மற்றதில் ஒரு முகம் போய்விட்டது. காற்புள்ளி அதைப் போய்ப் பார்த்தாள். ஓவியப் பிரிவு அம்மாள் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த மழையில் டார்ச்காரர் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளராக வந்து, நனைந்த கூடங்களில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பதாகக் காவலாளி வந்து சொன்னார். கதவு எல்லாருக்கும் திறந்ததுதான், அதில் தப்பில்லை. ஆனாலும் அவள் யோசித்துவிட்டு, மழை நாள்களில் கட்டடத்தைப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம் என்று ஐந்து நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் எழுதினாள். மூன்று பேர் கண்டுகொள்ளவில்லை. பெரிய நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். இந்த முறை தலைக்கவசமும் இல்லை, கூட ஆளும் இல்லை. குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, மூன்று நாள் தொடர்ந்து வந்தார். பெருக்கும் அம்மாவோடு சேர்ந்து வாளி தூக்கினார்.

இரண்டாவது ஆவணத்தை அவளும் பராமரிப்புப் பொறியாளரும் ஆளுக்கொரு பக்கமாகச் சத்தம் போட்டுப் படித்தார்கள். தொண்டை கட்டியது. நான்கு நிறுவனங்கள் விண்ணப்பித்தன. திறமையில் டார்ச்காரருக்கும் பெரிய நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண், விலையில் பெரிய நிறுவனம் குறைவு. நான்கு புள்ளி வித்தியாசத்தில் அது வென்றது. கூட்டுத்தொகையை மூன்று முறை சரிபார்த்து, அவள் அறிக்கையை மேலே அனுப்பினாள். டார்ச்காரருக்குக் கடிதம் போன மறுநாள் தொலைபேசி அடித்தது.

"இந்தத் தடவை எந்தப் பக்கத்துலயும் ஒண்ணும் இல்ல. நல்லாத் தேடிட்டேன்" என்றார் அவர்.

"தேடுவீங்கன்னு தெரியும் சார்."

அவர் சிரித்தாரா என்பது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

வேலை பதினான்கு மாதம் நடந்தது. பெண் பொறியாளர் சாரத்தில் ஏறி ஒவ்வொரு சட்டத்தையும் தட்டிப் பார்த்தார். அது முடிந்து வந்த மழைக்கு மண்பாண்டக் கூடம் காய்ந்திருந்தது, ஜன்னலோரத்தில் ஓர் இடம் மட்டும் சொட்டியது. டார்ச்காரர் வந்திருந்தால் அதுவும் நின்றிருக்குமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பராமரிப்புப் பொறியாளர் மட்டும் ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தார். அவள் ஜன்னலோர வாளியைச் சரியாக நகர்த்தி வைத்தாள்.

பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளி வந்தது. கணவர் அந்த ஒரு வருடத்தை ஒன்றிரண்டு முறை குத்திக்காட்டி, பிறகு விட்டுவிட்டார். முகம் போன ஓவியத்தை அப்படியே சட்டமிட்டுக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். அவள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் விளக்கைப் போட்டு ஒருமுறை பார்ப்பாள்.

இப்போது பின்கட்டை ஆய்வுக்கூடமாக மாற்ற ஆலோசகர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஆவணம் வெளியான மூன்றாம் நாளே டார்ச்காரரிடமிருந்து பதினான்கு கேள்விகள் வந்தன. அவற்றில் பதினொன்று வீண் சந்தேகம், மூன்று உண்மையான பிழை. அவள் மூன்றையும் திருத்தி, பதினான்குக்கும் பதில் எழுதி, யார் கேட்டது என்று குறிப்பிடாமல் எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பிவைத்தாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வரும் வியாழக்கிழமை.