லைட் டூட்டி சீட்டுக்கட்டு

2009 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பேப்பரை முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படித்தேன். வேலைக்குப் போகவில்லை. மின்வெட்டு ஆரம்பித்ததிலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு வார விடுமுறை வெள்ளிதான். தொழிற்சாலைக்குக் கரண்ட் எந்தக் கிழமை இல்லையோ, அந்தக் கிழமையே எங்களுக்கு ஞாயிறு!

எல்லாம் வழக்கம்போல்தான். ஆனால் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. காரணம், ஏழுமலை.

ஏழுமலை என் மனைவி கஸ்தூரியின் தம்பி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் ஆபரேட்டர். புதுவாயலில் எங்களோடுதான் இருக்கிறான். சில மாதங்களுக்கு முன்பு அச்சு மாற்றும்போது அது சரிந்து, வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிவிட்டன. தையல் போட்டார்கள், உள்ளே கம்பி வைத்தார்கள், பிறகு எடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் விறைத்துக்கொண்டு, சொன்னதைக் கேட்காமல் கிடந்தன.

சனிக்கிழமை காலை கம்பெனி டாக்டர் அவன் கையைப் பார்க்கப் போகிறார். பிடி சரியாக இருந்தால் மறுபடியும் பிரஸ். இல்லையென்றால் லைட் டூட்டி.

லைட் டூட்டி என்றால் என்ன என்று தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அடிபட்டவரைக் கேட் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். உள்ளே வரும் வண்டியின் நம்பரை எழுத வேண்டும். எல்லோரும் அன்பாகத்தான் பேசுவார்கள். ஆனால் ஓவர்டைம் கிடையாது, கை வேலையை மறந்துபோகும், அடுத்த முறை ஆள் குறைக்கும்போது முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த நாற்காலிதான். அப்படி உட்கார்ந்தவர் மெஷினுக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை.

இதற்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது... கொஞ்சம் பொறுங்கள்.

என்னுடைய இந்தப் பைத்தியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். 'இந்த வயசில் பொம்மை விளையாட்டா?' என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். சில வருடங்களுக்கு முன், உள்ளங்கை அளவு மெஷினில் ஒரு கேம் விளையாடினேன். மின்சார ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதுதான். ஒரு பையன் கோபுரத்தில் மாடி மாடியாக ஏறிச் சண்டை போடுவான். ஆனால் கத்தியை இஷ்டத்துக்குச் சுழற்ற முடியாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சீட்டுப் போட வேண்டும்! சீட்டில் நம்பர் இருக்கும். நீங்கள் ஐந்து போடும்போது எதிரி ஏழு போட்டால், உங்கள் அடி பாதியிலேயே முறியும். சீட்டு தீர்ந்தால் மறுபடி அடுக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அதற்குள் எதிரி வந்துவிடுவான்.

ஓடிக்கொண்டே ரம்மி ஆடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கேமை இப்போது டி.வி.யில் மாட்டி ஆடும் பெரிய மெஷினுக்காகப் புதிதாகச் செய்து விட்டிருக்கிறார்கள். பர்மா பஜார் கடைக்காரரிடம் சொல்லி வைத்து வாங்கினேன். தட்டையாக இருந்த பொம்மைகள் உருண்டு திரண்டு நிற்கின்றன. கோபுரத்துக்கு உயரம் வந்திருக்கிறது, மாடிப்படியில் காலடி எதிரொலிக்கிறது. எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, சீட்டை எடுத்துவிட்டு வெறும் பட்டன் தட்டலாக மாற்றியிருப்பார்களோ?

மாற்றவில்லை. ஒரு விதியைக்கூடத் தளர்த்தவில்லை. பழையபடியே கஷ்டம். 'இவனால் முடியும்' என்று ஆடுகிறவனை நம்பிச் செய்திருக்கிறார்கள். அந்த மரியாதைக்காகவே அதைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பிசியோதெரபி சென்டரில் ஏழுமலைக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அழுத்திப் பழக வேண்டும். இரண்டே நாளில் அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. 'சும்மா ஒரு பந்த அமுக்கிக்கினு குந்த சொல்றாங்க, பேஜாரு' என்றான். ஒருநாள் என் கண்ட்ரோலரை எடுத்துப் பார்த்தான். அவ்வளவுதான்... பிறகு நான் ஆட அவனிடம் பர்மிஷன் கேட்க வேண்டியதாயிற்று.

ஒரு சீட்டைப் போடக் கட்டைவிரல் போதும். மூன்று சீட்டுகளைச் சேர்த்து ஒரே வித்தையாக அடிக்க வேண்டுமென்றால், மேலே இரண்டு பக்கமும் உள்ள பட்டன்களை இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வித்தை விழாது. பிரஸ்ஸும் அப்படித்தான். இரண்டு கையும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். அவன் ஏன் இந்தக் கேமை விடவில்லை என்று இப்போது புரிகிறதா?

உச்சி மாடியில் மணிக்கூண்டுக் காவலன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் கடைசி. ஒரு வாரமாக ஏழுமலை அவனிடம் தோற்றுக்கொண்டே இருந்தான். வலது விரல் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பிந்தியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழுமலை முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பினான். மறுநாள் டாக்டர் முன்னால் நிற்க வேண்டுமே. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் தோற்றால் மனசு உடைந்து போய் நிற்பான். ஜெயிக்க வைத்துவிட்டால்?

நான் ஸ்டோர்ஸில் வேலை செய்பவன். அடுக்குவது என் தொழில். அவனுடைய சீட்டுக்கட்டைத் திறந்து, மூன்று சேர்த்து வித்தையாக்குவதற்காக அவன் வைத்திருந்த சின்னச் சீட்டுகளை எல்லாம் வெளியே எடுத்தேன். பதிலுக்கு, வித்தையில் சேராவிட்டாலும் தனியாகவே பலமான எட்டும் ஒன்பதுமாக நிரப்பினேன். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகப் போட்டாலே போதும். வலது ஆள்காட்டி விரலுக்கு வேலையே இல்லை. பெரியது முன்னால், சிறியது பின்னால்... பார்க்கவே அழகாக இருந்தது.

திரும்பி வந்தான், உட்கார்ந்தான், ஆரம்பித்தான். எங்கள் தெருவில் ஆறு மணிக்குக் கரண்ட் போகும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

முதலில் நன்றாகத்தான் போனது. காவலன் பின்வாங்கினான். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பாதி உயிர் போனதும் காவலன் மூன்று மூன்றாகச் சேர்த்து அடிக்க ஆரம்பித்தான். தனி ஒன்பது அதற்கு முன்னால் எம்மாத்திரம்? ஏழுமலை மேல் பட்டன்களை அழுத்தினான். 'டொக்' என்று ஒரு சத்தம். வித்தைக்குச் சீட்டு இல்லை. மறுபடி அழுத்தினான். மறுபடி 'டொக்'. பையன் திரையில் விழுந்தான்.

ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்தான்.

“மாமா, கட்டை யாரு மாத்தினது?”

நான்தான் என்றேன். கைக்குச் சிரமம் வேண்டாமென்றுதான் செய்தேன் என்றும் சொன்னேன்.

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

“கம்பெனில எச்.ஆர். சாரும் இதத்தான் சொன்னாரு மாமா. கேட்டாண்ட சேர் போட்டு குந்திக்கோ, கை நோவாதுன்னாரு. ஊட்லயும் லைட் டூட்டி குட்த்துட்டீங்களே.”

சமையலறையிலிருந்து கஸ்தூரி வந்தாள்.

“ஸ்டோர்ல சாமான் அடுக்குற மாரி என் தம்பியயும் அடுக்க கெளம்பிட்டீங்களா? அவன் கையி, அவன் ஆட்டம். நடுவுல நீங்க இன்னாத்துக்கு பூந்தீங்க?”

நான் யாரைப் பாராட்டிக்கொண்டு இருந்தேன்? ஒரு விதியைக்கூடத் தளர்த்தாமல் விட்டவர்களை! வீட்டில் நான் செய்தது அதற்கு நேர்மாறு.

ஏழுமலை என் ஒன்பதுகளை வெளியே தள்ளினான். பழைய சீட்டுகளைத் தேடித் தேடி உள்ளே வைத்தான். பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியாத கட்டு. ஜன்னல் வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. கஸ்தூரி மெழுகுவர்த்தியை எடுத்து வைத்தாள்.

மறுபடி காவலன். முதல் வித்தை விழவில்லை. வலது விரல் பிந்திவிட்டது. மூன்று சீட்டுகளும் வீண். இரண்டாவதும் வீண். கட்டு தீர்ந்தது. பையன் அசையாமல் நின்று அடுக்குகிறான்... காவலன் நடந்து வருகிறான், ஓடக்கூட இல்லை, நிதானமாக நடந்து வருகிறான்... கண்ட்ரோலரைப் பிடுங்கிவிடலாம் போல் என் கை நீண்டது. கஸ்தூரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சும்மா குந்துங்க.”

உட்கார்ந்தேன். காவலன் கையை ஓங்கினான். ஏழுமலையின் நெற்றியில் வியர்வை. இரண்டு விரல்களும் இறங்கின. ஒன்றாக.

வித்தை விழுந்தது. காவலன் தடுமாறினான். இன்னொன்று. அதுவும் விழுந்தது. நடுவில் ஒன்று தவறியது. கஸ்தூரி என் மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள். கடைசி மூன்று சீட்டுகள். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். காவலன் மண்டியிட்டான். திரை வெள்ளையாகியது, பெரிய மணி ஒன்று அசைய ஆரம்பித்தது...

கரண்ட் போய்விட்டது.

ஃபேன் சுற்றி ஓய்ந்தது. கஸ்தூரி தீப்பெட்டியைத் தடவித் தேடினாள். சேவ் ஆகியிருக்காது என்று நான்தான் மெல்லச் சொன்னேன். முடிவில் என்ன வருகிறது என்று எனக்கும் பார்க்க ஆசை. பழைய மெஷினில் பார்த்தது எவ்வளவு மாறியிருக்கிறதோ!

“போவட்டும் மாமா” என்றான் ஏழுமலை இருட்டில். “ரெண்டும் ஒண்ணா எறங்கிச்சே, பாத்தீங்களா?”

பார்த்தேன் என்றேன். வலிக்கிறதா என்று கேட்டேன். ரொம்ப வலிக்கிறது என்றான், ஏதோ நல்ல செய்தியைச் சொல்வது போல.

மறுநாள் காலை ஏழுமலை கம்பெனிக்குள் நுழைந்ததும், டாக்டர் முதல் வேலையாகத் தன் கையை நீட்டி, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னாராம். பிடித்தான். 'போதும், விடுப்பா' என்றாராம் டாக்டர். அதையே இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாக!