வீரமலை எங்கே என்று பம்பாய் கேட்டது

எடமலைப்பட்டி புதூர் லூர்துராணிக்கு எதிலும் பயம் கிடையாது. பஸ்ஸில் இடம் பிடிப்பதிலிருந்து ரேஷன் கடை வரிசை வரைக்கும் அவளிடம் வாய்கொடுத்து மீண்டவர்கள் குறைவு. அப்படிப்பட்டவளை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கிலீஷ் ஆட்டிவைத்துவிட்டது. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாள். ஆனால் வெளியூர் ஆபரேட்டர்கள் லைனில் பொரி கொட்டுகிற மாதிரி கொட்டினார்கள். இவள் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

இதற்கெல்லாம் உட்கார்ந்து அழுகிற ஆள் அவள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து யோசித்தாள். நாள் முழுக்க ஜனங்கள் கேட்பதென்ன? அவர் எங்கே, எப்போது வருவார், லைன் ஏன் கிடைக்கவில்லை, யார் பேசுவது. அவ்வளவுதான். ஆகவே வாக்கியத்தை இரண்டு பாதியாக வெட்டிக்கொண்டாள். முன்பாதியில் 'ஐ நோ', 'ஐ டோன்ட் நோ', 'ஐ வில் ஆஸ்க்', 'ஐ வில் ஃபைண்ட் அவுட்'. பின்பாதியில் 'வேர் ஹி ஈஸ்', 'வென் ஹி வில் கம்', 'வை ஹி இஸ் லேட்'. ரயில் மாதிரி, எந்த எஞ்சினோடும் எந்தப் பெட்டியையும் கோத்துக்கொள்ளலாம். துணி துவைக்கும்போது கோத்தாள், தலை வாரும்போது கோத்தாள். பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெருவே பேசிக்கொண்டது.

அதில் ஒரு விஷயம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தமிழில் 'அவர் எங்க இருக்காரு, எப்ப வருவாருன்னு' என்று நீட்டி முழக்கிவிட்டுக் கடைசியில் 'தெரியலைங்களே' என்று நழுவிக்கொள்ளலாம். இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது. தெரியுமா தெரியாதா என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும். அவள் குணத்துக்கு அது வாகாக இருந்தது.

ஒரே ஒரு சங்கடம். 'ஐ வில் ஃபைண்ட் அவுட்' என்று மற்ற ஆபரேட்டர்கள் சொன்னால், கேட்கிறவர் வாயை அடைப்பதற்காகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். இவள் சொன்னால் நிஜமாகவே கண்டுபிடிக்கக் கிளம்பிவிடுவாள்.

1959-இல் அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிற சமயம். சூப்பர்வைசர் கமர் ஜஹான் ஒரு காலை முழுக்கப் பின்னால் உட்கார்ந்து, தானும் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்பார். அவர் எழுதுவதுதான் தீர்ப்பு. தேறினால் நிரந்தர வேலை, இல்லையென்றால் வீடு. கமர் ஜஹானிடம் தாட்சண்யம் என்ற பேச்சே கிடையாது. கேட்டவர் கொடுத்த நம்பரைத் தவிர வேறு நம்பர் போடக்கூடாது. இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்ததும் தன் காதுக்கு வரும் கீயைச் சாத்திவிட வேண்டும், ஒட்டுக்கேட்கக் கூடாது. ஒட்டுக்கேட்ட ஒருத்தியை அந்த வாரமே அனுப்பியவர் அவர்.

அப்பேர்ப்பட்ட காலையில்தான் பம்பாய் லைனில் வந்தது. பி.பி. கால். அதாவது, பெயர் சொன்ன ஆளே வந்து பேச வேண்டும். அன்றைக்கு எத்தனை வீட்டில் போன் இருந்தது? பக்கத்துக் கடை நம்பரைக் கொடுத்து ஆளைக் கூப்பிட்டுவரச் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக்கடை நம்பர், ஆள் பெயர் வீரமலை. கூப்பிடுகிறவன் அவர் மகன் அடைக்கலம். "அப்பா சீரியஸ், உடனே கிளம்பு" என்று தந்தி வந்திருக்கிறது, பையன் இங்கே அழுதுகொண்டு நிற்கிறான் என்றாள் பம்பாய் ஆபரேட்டர், இங்கிலீஷில்.

லூர்துராணி மருந்துக்கடைக்குப் போட்டாள். போனுக்கு வந்தது வீரமலையின் சம்சாரம் மயிலம்மாள்.

"அவரால எந்திரிக்க முடியாதும்மா. படுத்த படுக்கையா கெடக்காருன்னு சொல்லிடு தாயி."

"எங்கம்மா படுத்திருக்காரு? வீட்லயா, ஆஸ்பத்திரிலயா?"

"அது... வந்து... எங்கயோ ஒரு எடத்துலதான். நீ அவனை மட்டும் கெளம்பி வரச் சொல்லு. பொண்ணு வீட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை வராங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டு மயிலம்மாள் போனை வைத்துவிட்டாள். லூர்துராணிக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. பிள்ளையை ஊருக்கு வரவழைக்க நம் குடும்பங்கள் அடிக்கிற தந்திதான் இது. எத்தனை அப்பாக்கள் இப்படித் தந்தியில் சாகக்கிடந்து, கல்யாணப் பந்தியில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்!

'பார்ட்டி நாட் அவெய்லபிள்' என்று சொன்னால் போதும். மூன்றே வார்த்தை, தப்பு வர வழியில்லை, பின்னால் உட்கார்ந்திருக்கும் கமர் ஜஹானும் தலையாட்டுவார். ஆனால் அந்தப் பையன் அப்பா போய்விட்டார் என்று நினைத்து ரயிலில் வழிநெடுக அழுவானே? லூர்துராணிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவளுக்கு இங்கிலீஷ் இன்னும் நன்றாக வரும்.

"ப்ளீஸ் டெல் ஹிம் டு வெயிட். ஐ வில் ஃபைண்ட் அவுட் வேர் ஹிஸ் ஃபாதர் ஈஸ்."

பின்னால் ஹெட்போனைக் கழற்றிவைக்கிற சத்தம் கேட்டது, நாற்காலி கிரீச்சென்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரரைப் பிடித்து வீரமலைக்கு என்ன தொழில் என்று கேட்டாள். வாழைக்காய் வியாபாரம். மண்டிக்குப் போட்டாள். "இப்பத்தாங்க திருவானைக்காவல் பக்கம் டிபன் சாப்பிடப் போனாரு" என்றார்கள். அங்கே போன் வைத்திருந்த ஓட்டல் ஒன்றே ஒன்றுதான். அதற்கும் போட்டாள்.

வாயில் வடையோடு ஒரு குரல் வந்தது. "யாரும்மா? வீரமலைதான் பேசறேன்."

"ஐயா, நீங்க சீரியஸா இருக்கீங்கன்னு பம்பாய்க்குத் தந்தி போயிருக்கு. உங்க பையன் லைன்ல அழுவறாரு."

"நானா? எனக்கென்ன கேடு? அடிப்பாவி மயிலு..." வடையை அவசரமாக விழுங்கினார். "குடும்மா, எம்புள்ளைகிட்ட குடு."

அவள் லைனைக் கொடுத்தாள். "அப்பா!" என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான் அவள் காதில் விழுந்தது.

கமர் ஜஹான் எழுந்து வந்தார். அறையில் இருந்த மற்றப் பெண்கள் குனிந்த தலை நிமிரவில்லை. சோதனை இங்கிலீஷில் என்பதால் கேள்வியும் இங்கிலீஷில் வந்தது.

"டு யு நோ வாட் யு ஹேவ் டன்?"

"ஐ நோ வாட் ஐ டிட், மேடம். ஐ நோ வை ஐ டிட் இட்." லூர்துராணி அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். "ஐ டோன்ட் நோ வாட் யு வில் ரைட்."

கமர் ஜஹான் பேனாவை மூடிவைத்து, பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தமிழுக்கு வந்துவிட்டார். குரல்கூட இறங்கிவிட்டது.

"அது கெடக்கட்டும். அந்தப் பையன் வரானாமா? அப்பா என்ன சொன்னாரு?"

அறையே காதைத் தீட்டிக்கொண்டது.

"தெரியலைங்க மேடம்."

"சும்மா சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நெஜமாவே தெரியலைங்க. அப்பான்னு ஒரு சத்தம் கேட்டுது. உடனே கீயைச் சாத்திட்டேன்."

"கேக்கணும்னு தோணலையா?"

"உயிரே போச்சுங்க. ஆனா கேக்கல."

கமர் ஜஹான் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "ரெண்டு நம்பர் கூடப் போட்டதுக்கு ஒரு வார்னிங். வேலை பெர்மனென்ட். பையன் வரான்னு மட்டும் நீ இப்ப சொல்லியிருந்தா, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

லூர்துராணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த நாற்காலியில் அவள் பல வருஷம் இருந்தாள். பிறகு கமர் ஜஹானின் இடத்துக்கே வந்து, இன்னும் கண்டிப்பானவள் என்று பெயரும் எடுத்தாள்.

வீரமலையின் மண்டி வழியாக அவள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். கல்லாவில் அவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் சில நாள் ஒரு வாலிபனும் நிற்பான். யார் என்று கேட்க வாய் துறுதுறுக்கும். கேட்காமலே கடந்து போய்விடுவாள். அடைக்கலம் வந்தானா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.