ஆமென் போடாத இசை

லியோனார்டின் கைக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் பாட்டானாலும் கடைசியில் கட்டைகளைச் சேர்த்து ரெண்டு அழுத்து அழுத்தாமல் எழாது. 'ஆ' என்று ஒன்று, 'மென்' என்று ஒன்று. ராயபுரம் சர்ச்சில் சின்ன வயசிலிருந்து ஆர்கன் வாசித்த கை. அந்த ரெண்டைக் கேட்டால்தான் சனம் பெஞ்சில் உட்காரும்.

பகலில் துறைமுகத்தில் கிரேன். சாயங்காலம் கல்யாண மேடையில் ஊரான் பாட்டு. சுனாமிக்கு அடுத்த வருஷம்தான், அவனே போடுகிற இசை வேண்டும் என்று முதல்முறையாக ஒருத்தர் கேட்டார். தம்புசெட்டித் தெரு மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஜஹாங்கீர். ஆடுகிறவன் இடிந்துபோன பழைய நகரத்துக்குள் தூணும் சுரங்கமுமாகத் தேடி நடப்பான். அவன் நடக்கிற வரைக்கும் பின்னால் இசை சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். ஆட்டத்தின் கடைசியில் இசை போட்டவன் பெயரைப் போடுவார்கள். லியோனார்ட் அதைத் தன் பேட்டையான கல்மண்டபம் பூராவும் சொல்லித் தொலைத்திருந்தான்.

கொடுத்ததெல்லாம் திரும்பி வந்தது.

"அண்ணாத்த, டியூன் சோக்கா கீது. ஆனா நீ முடிச்சிடறியே! ஆடறவன் லெவல் முடிஞ்சிச்சுன்னு மவுஸை வெச்சிட்டு டீ குடிக்கப் போறான்" என்றார் ஜஹாங்கீர்.

"கடைசிய வெட்டிடு."

"வெட்டிப் பாத்தேன். அதுக்கு முன்னாடியே நீ முடிக்கப் போறது தெரிஞ்சிடுது. வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பால ரெடிமேடா வாங்கிப் போட்டுக்குவேன்."

தெருவில் மீன் விற்கும் வேம்பு விடவில்லை. "இன்னா லியோ, உன் பாட்டு வந்துச்சா, இல்ல இன்னும் வந்துகினே கீதா?"

வியாழக்கிழமை சாயங்காலம் பேட்டரி ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டில் உட்கார்ந்தான். ஒவ்வொரு தடவையும் கை போய் ஆமெனில் விழுந்தது. தன் கையையே ஓங்கி அடித்தான். மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை நன்றாகப் போனது. தூண் தூணாக இசை நகர்ந்தது. நடுவழியில் படக்கென்று நின்றது.

பெண்டாட்டி ஃப்ளோரன்ஸ் கையில் பிளக்கோடு நின்றாள். வீட்டில் இருக்கிறது ஒரே பிளக் பாயின்ட்.

"அடிப்பாவி! பாதியில புடுங்கிட்டியே!"

"நீ எப்ப முடிக்கிறது, நான் எப்ப தேங்கா அரைக்கிறது? கொழம்பு வோணுமா, வோணாமா?"

மிக்ஸி அலறியது. அதற்கப்புறம் வாசிக்க அவனுக்குத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமை அந்த அரைகுறையையே கொண்டுபோய்க் கொடுத்தான், திட்டு வாங்கத் தயாராக.

ஜஹாங்கீர் வெட்டுப்பட்ட இடத்தை ஆரம்பத்தோடு ஒட்டி ஓடவிட்டார். திரையில் ஒரு ஆள் இடிந்த மண்டபத்துக்குள் நடந்தான். இசை சுற்றியது. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, ஒன்றும் தெரியவில்லை.

"இதாண்ணே! இத்தத்தான் கேட்டுகினு இருந்தேன்!"

லியோனார்டுக்கு சந்தோஷம் வரவில்லை. விரல்கள் தொடையில் தாளம் தட்டித் தட்டி, முடிகிற இடத்துக்காகக் காத்திருந்தன. இசை முடியாமல் மறுபடி கிளம்பியது.

"அந்த ஆளு வெளிய வரச்சொல்லோ ஒரு ஆமென் வெச்சிக்கலாமா?"

"வெளியவே வரமாட்டான். அடுத்த சுரங்கத்துக்குப் பூடுவான். அதுக்கு வேற மியூசிக்."

பெயர் வரும். ஆனால் அது அவன் முடித்த பாட்டில்லை, பெண்டாட்டி பிடுங்கிய பாட்டு. இதை வேம்புவிடம் எப்படிச் சொல்வது?

பஸ்ஸில் வரும்போதும் அது மண்டைக்குள் சுற்றியது. வீட்டுக்குள் நுழைந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மிக்ஸி பிளக்கைப் பிடுங்கி எறிந்தான், கீபோர்டைச் செருகினான், சத்தத்தை முழுசாக ஏற்றினான். ரெண்டே அழுத்து. ஜன்னல் அதிர்ந்தது.

"ஆமென்!" என்றாள் ஃப்ளோரன்ஸ் அடுப்பண்டையிலிருந்து. "ஆச்சா? இப்ப அந்த பிளக்க எட்த்து மாட்டு."