இடப்பக்கத்து நாற்காலி

எங்கள் மாகாணக் கூட்ட மண்டபத்தில் பதினெட்டு வருஷமாக மேடைப் பெயர்ப்பலகைகளை வைத்தவள் பாவ் ஷூச்சின். நான் தேநீர் ஊற்றுபவள். கட்சிச் செயலாளர் நடுவில், இரண்டாமவர் அவருக்கு இடப்பக்கம், மூன்றாமவர் வலப்பக்கம். இது தெரியாதவனுக்கு எங்கள் மண்டபத்தில் துடைப்பம்கூடத் தர மாட்டார்கள்.

அன்று காலை, செயலாளர் பதவி கைமாறும் கூட்டம். இரண்டாமவர் துவான்தான் அடுத்த செயலாளர் என்று வாசல் காவலாளிவரை பேச்சு. பாவ் அக்கா எப்போதும் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுதான் பலகை வைப்பாள். அன்றைக்கு முழங்கால் வலி. மேசையைச் சுற்றிப் போகச் சோம்பி, முன்னால் நின்றபடியே வைத்துவிட்டாள். இடம் வலமாகிவிட்டது.

தலைவர்கள் மேடையேறியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. துவான் ஒரு கணம் நின்றார், தன் பெயரைப் பார்த்தார், மூன்றாமவர் இடத்தில் உட்கார்ந்தார். இடப்பக்கத்தில் மூன்றாமவர் குவாங். கேமராக்கள் பளிச்சிட்டன. இனி யாரும் எழுந்து மாற முடியாது.

திரைக்குப் பின்னால் எங்கள் பிரிவுத் தலைவர் ஃபெங் பாவ் அக்காவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "உனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நாளையிலேருந்து வேலைக்கு வந்துராத!"

"தலைவரே, ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டே மாசந்தான்..."

"அத பலகை வைக்கிறப்ப நெனச்சிருக்கணும்!"

பாவி மனுஷன், அவள் அழுவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

பெய்ஜிங்கிலிருந்து வந்திருந்த அதிகாரி எழுந்து காகிதத்தைப் பிரித்தார். "மத்தியக் குழுவின் முடிவுப்படி, புதிய செயலாளர் தோழர் குவாங்."

முதலில் கைதட்டியவர் துவான்தான். வேறென்ன செய்வார்?

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா! பொழச்சேன்டி!" என்று என் காலைக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஃபெங் திரும்பி வந்தபோது குரலில் தேன் ஒழுகியது. "அக்கா, மேல யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல தலைவரே. முழங்கால் வலி."

"புரியுது, புரியுது. வெளிய சொல்லக் கூடாதுதான்." தன் கையாலேயே அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அவர் நம்பினார், பிறகு மண்டபமே நம்பியது. அந்த எட்டு மாதமும் கூட்டத்துக்கு முன்னால் பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் எங்கள் தேநீர் அறைக்கு வந்து அவள் முழங்காலை விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசிக் கூட்டத்தன்று துவானே வந்தார்.

"பாவ் அக்கா," என்றார் மெல்ல, "இன்னிக்குக் கால் எப்படி இருக்கு?"