யும்னாவின் நூற்றுப் பதினொரு வடை

யும்னா பல வருடங்கள் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தவள். முப்பத்தாறு வயதில் திடீரென்று, கணினிக்கு நிரல் எழுதும் கோடிங் வகுப்பில் சேர்ந்தாள். மார்சிலிங்கில் இருந்த அவள் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள், படிப்பை மட்டும் விடவில்லை. இப்போது டன்லப் ஸ்திரீட்டில், ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில், இணையப் பக்கங்கள் செய்து தரும் சின்ன கம்பெனியில் வேலை.

அவளை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை, பஃபலோ ரோட்டில் பலகாரக் கடை நடத்தும் கண்மணிக்கு ஓர் ஆர்டர் பக்கம். எத்தனை வடை என்று கேட்கும் பெட்டி, வாங்கியதைச் சேர்க்கும் கூடை, கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்துக்கு மேப் என்று அதற்குள் பல பகுதிகள். சரியாக ஓடுகிறதா என்று எந்தப் பகுதியைச் சோதித்தாலும் மேப் வர மறுத்தது. சோதனை முழுக்கத் தோல்வி என்று சிவப்பாக விழுந்தது.

"முழுப் பக்கத்தையும் ஏன்க்கா இழுக்கறீங்க? ஷேலோ ரெண்டரிங் பண்ணிப் பாருங்க," என்றான் பக்கத்து மேசை திலீப்.

சோதிக்கிற பகுதியை மட்டும் நிஜமாக உருவாக்குவது அது. உள்ளே இருக்கும் மற்றவை வராது, அவற்றின் பெயர் மட்டும் நிற்கும். மேப் இருக்க வேண்டிய இடத்தில் 'மேப்' என்று வெறும் பெயர். பெயர் என்ன தகராறு செய்யப்போகிறது?

சோதனையை அப்படி ஓட்டினாள். பச்சை. அடுத்ததும் பச்சை. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். பித்துப் பிடித்தவள்போல், ஒரு பகுதி விடாமல் தனித்தனியாகச் சோதனை எழுதித் தள்ளினாள். திரை பச்சைப் பசேலென்று ஆனது.

மறுவாரம் கண்மணி பார்க்க வந்தார். பெட்டியில் ஒரு வடை என்று போட்டு, 'சேர்' என்பதை அழுத்தினார். கூடையில் 1.

"இன்னொண்ணு."

கூடையில் 11.

கண்மணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி அழுத்தினார். 111.

"நூத்துப் பதினொரு வடையா! என் கடையில அவ்ளோ உளுந்து இல்லலா!"

யும்னாவுக்கு முகம் சூடேறியது. அடுத்த நொடி சிரிப்புப் பீறிட்டது. கண்மணி மேசையைத் தட்டிச் சிரித்தார். திலீப் தலையை மேசைக்கு அடியில் கொண்டுபோனான்.

பெட்டி தனியாகச் சரி. கூடையும் தனியாகச் சரி. ஆனால் பெட்டி கொடுத்த 1, எண்ணாகப் போகாமல் எழுத்தாகப் போயிருந்தது. எழுத்துகளைக் கூட்டச் சொன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். கூடையைச் சோதித்தபோது பெட்டி அங்கே பெயராகத்தானே இருந்தது! யும்னாவே தன் கையால் நல்ல எண்ணாகக் கொடுத்திருந்தாள். நிஜப் பெட்டியும் நிஜக் கூடையும் அதுவரை சந்தித்ததே இல்லை.

ஒரு வரியில் திருத்தினாள். தனிச் சோதனைகளை வைத்துக்கொண்டு, இரண்டையும் நிஜமாகச் சேர்த்து ஓட்டும் சோதனை ஒன்றையும் எழுதினாள்.

"ரெண்டும் ரெண்டும் போட்டுப் பாருங்கக்கா," என்றாள் கண்மணியிடம்.

"நாலு!" கண்மணி கூவியது கீழே சேலைக் கடைவரை கேட்டிருக்கும்.

ஆர்டர் பக்கத்தை எல்லாருக்கும் திறந்துவிட்ட காலையில் யும்னா உட்லண்ட்ஸில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கண்மணியின் போன்.

"யும்னா, மொத ஆர்டர் வந்துருச்சு! சைனாடவுன்லேர்ந்து கேசரி கேட்டிருக்காங்க! நெசமான ஆளு!"

யும்னா போட்ட சத்தத்தில் முன்னால் நின்ற சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"சம்படி ஆர்டர் கேசரி, அங்கிள்!" யாரோ கேசரி கேட்டிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கூவினாள்.

கேசரி என்றால் என்னவென்று தெரியாமலே அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.