கழுதைகள் நின்ற ஒழுங்கை

நகரசபைகளுக்குக் கைகொடுத்து, வெள்ளத்தைத் தாங்கித் தொழில் பெருகும் நகரங்களை உருவாக்கப் போவதாகச் சொன்ன ஒரு திட்டத்தில் சில காலம் வேலை பார்த்தேன். கேட்கப் பெரிதாக இருக்கும். மாரி மழைக்கு மன்னார் நகரில் எங்கெங்கே தண்ணீர் தேங்குகிறது என்று வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவதுதான் என் வேலை.

கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளருக்கு ஊர் புதிது. முதல் நாளே எங்கள் தெருக்கழுதைகளைக் கண்டு வாயைப் பிளந்தார். நானாவது சும்மா இருந்திருக்கலாம்.

"சேர், மழைக்கு அதுகள் நிக்கிற இடத்தைப் பாத்து வையுங்கோ. மேட்டு நிலத்திலதான் நிக்குங்கள். உங்கட கருவிக்குத் தெரியாதது அதுகளுக்குத் தெரியும்," என்றேன்.

அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில், குறுகிய தெருக்களான இரண்டு ஒழுங்கைகளில் ஒன்றுக்குத்தான் மழைநீர் வடிகான் என்று ஆனது. வடிகானோடு கொங்கிரீட் பாதையும் வரும். ஒன்று, பள்ளிமுனையில் கருவாடு போடும் ஓர் அக்காவின் ஒழுங்கை. மாரி முழுக்க அவர் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். வெயில் எறிக்கும் நாளிலும் மீன் விரிக்க இடமின்றித் தொழிலே படுத்துவிடும். மற்றது என்னுடையது. அங்கே தண்ணீர் நிற்காது, மணல்தான். தினமும் அதில் ஸ்கூட்டர் புதைய, கந்தோர் வேலைக்குக் கட்டிய சேலையோடு நான் அதைத் தள்ளவேண்டும். அந்த மணலில் எனக்கு அவ்வளவு ஆத்திரம். சிவப்புப் பேனாவை எடுத்து என் ஒழுங்கையில் பெரிய வட்டமாகப் போட்டு, 'முழங்கால் அளவு தண்ணீர்' என்று எழுதினேன். அக்காவுக்குக் கணுக்கால் அளவு கொடுத்தேன்.

அடுத்த கிழமை இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை வாசல் படலையடியில் குரல் கேட்டது. பொறியியலாளர் குடையும் என் வரைபடமுமாக நின்றார். அவரைச் சுற்றிக் கழுதைகள். ஊரில் உள்ள அத்தனையும் என் வாசலுக்குத்தான் வந்திருந்தன. ஒன்று படலைக்கு மேலால் தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

"முழங்கால் அளவுன்னு எழுதியிருக்கிறீங்க," என்றார் அவர். "யாருட முழங்கால்?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவர் பள்ளிமுனைப் பக்கம் நடந்தார். வடிகானும் அங்கேதான் போனது.

அடுத்த மாரியில் ஒரு காலை, புதைந்த ஸ்கூட்டரோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா ஒரு பொதி கருவாட்டோடு வந்தார்.

"நீங்கள்தான் எங்களுக்காக எழுதிக் குடுத்தனீங்களாம். அந்தச் சேர் சொன்னவர். இப்ப முத்தத்தில தண்ணி நிக்கிறேல்லை, தங்கச்சி."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பொதியை என் கூடையில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் நின்று என் ஸ்கூட்டரைத் தள்ளத் தொடங்கிவிட்டார்.